லிஃப்ட் பண்ணின ஜீப்பும் நாப்பதாயிரம் ரூபாயும்

ஜீப் வாங்கியிருக்கேன்னு சொன்னா டவுன்ல இருக்குற நண்பர்கள் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை இன்ச் லிஃப்ட்?" எங்க ஊர்ல யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. "எத்தனை மூட்டை ஏறும்?"னுதான் கேப்பாங்க. இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல நின்னு, சித்திரையில இருந்து ஆடி வரைக்கும் நான் விசாரிச்சதையும் செலவு பண்ணினதையும் இங்க எழுதி வைக்கிறேன். ஏற்கெனவே உசத்திக் கட்டின வண்டி கையில இருக்கு, பெரிசா செலவு பண்ண முடியாது, ஆனா சஸ்பென்ஷனை ஒழுங்கு பண்ணணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்.

முதல்ல பாதையைச் சொல்லிடுறேன். காரைக்குடியில இருந்து புதுவயல் போற பக்கம் உள்ளடங்கின ஊர் எங்களுது. தார் ரோடு ஊரோட முடிஞ்சிடும். அங்கேருந்து வயலுக்குப் போக செம்மண் சரளைப் பாதை, அப்புறம் கண்மாய்க் கரை, கடைசியில கலுங்கைத் தாண்டி ஒரு வண்டித்தடம். கோடையில இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல. ஐப்பசி, கார்த்திகையில மழை பிடிச்சா சரளை அரிச்சு ஓடி, செம்புறாங்கல் பல்லு பல்லா மேல வந்துடும். வண்டித்தடத்துல டிராக்டர் சக்கரம் போன பள்ளம் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணியோட நிக்கும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல முள். உர மூட்டை, விதை நெல்லு, மோட்டார், பைப்பு எல்லாம் இந்த வழியாத்தான் போகணும். டிராக்டர் வாடகைக்குக் கேட்டா நடவு நேரத்துல நமக்கு மூணாவது நாள்தான் முறை வரும்.

அதுக்காக வாங்கினதுதான் இந்தப் பழைய மஹிந்திரா எம்.எம். 540. மஹிந்திரா 1947-ல அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்க பூட்டி விக்க ஆரம்பிச்சதுல இருந்து வந்த பரம்பரை இது. 1980-கள்ல பெஜோ டீசல் இன்ஜினோட வந்தது. நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டைதான், காயில் கிடையாது. முன்னாடி வச்சிருந்தவர் டவுன்காரர், மலைப்பாதைக்கு ஓட்டுறதுக்காக உசத்திக் கட்டியிருந்தார். நீளமான ஷாக்கிள், கட்டுக்குள்ள கூடுதலா ஒரு கனமான பட்டை, 31 அங்குல அகல டயர், அலாய் வீல். பாத்தா யானை மாதிரி நிக்கும். விலை குறைவா இருந்தது, இன்ஜின் நல்லா இருந்தது, லிஃப்டை என்ன பண்றதுன்னு பிறகு பாத்துக்கலாம்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். நெல்லு வித்த காசுல நாப்பதாயிரத்தை அதுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே அப்பத்தா வண்டியைச் சுத்தி வந்து பாத்துட்டு, "ஏய்யா, இது வண்டியா மச்சு வீடா? ஏணி வச்சுல்ல ஏறணும்" அப்படின்னுச்சு. அதுக்கு எம்பத்திரண்டு வயசு. மாசம் ஒரு தடவை கண்ணைக் காட்ட காரைக்குடி கூட்டிட்டுப் போகணும். மழைக்காலத்துல எங்க தெருவுக்கு ஆட்டோ வர்றது சந்தேகம். ஆக மூட்டையும் ஏறணும், அப்பத்தாவும் ஏறணும். கணக்கு இதுதான்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. சென்னையில இருக்குற மச்சான், "முழு கிட்டா வாங்கிப் போட்டுடு மாப்ள, ஷாக், ஸ்பிரிங் எல்லாம் செட்டா வரும்"னு சொன்னார். விசாரிச்சா லட்சத்துக்குப் பக்கத்துல நிக்குது. நம்ம காசு அதுல பாதிகூட இல்ல. பட்டை அடிக்கிற கடையில, "பாரம் ஏத்தப் போறீங்கன்னா இன்னொரு பட்டை சேத்துடுவோம்"னாங்க. இன்னொருத்தர், "அச்சுக்குக் கீழ இருக்குற பட்டையை மேல மாத்தி வெல்டிங் வச்சிடலாம், இன்னும் நாலு இன்ச் ஏறும்"னார். நம்ம பாய், ஜீப் வேலையிலேயே தலை நரைச்சவர், ஒண்ணுமே சொல்லல. "தம்பி, முதல்ல ஜாக்கியை எடுங்க"ன்னார்.

அவர் காமிச்சது இதுதான். சமதளத்துல வண்டியை நிறுத்தி, நாலு மூலையிலயும் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல டேப் வச்சு அளந்தார். அந்த மாடலுக்கு இருக்க வேண்டியதை விட நாலு அங்குலம் கூட இருந்தது. அதுலயும் இடப்பக்கம் பின்னாடி ஒரு அங்குலம் தொங்கல். அப்புறம் ஒரு பக்கம் சேஸிஸுல ஜாக்கி கொடுத்து மெதுவா தூக்கினார். சக்கரம் கொஞ்சம் கீழ தொங்கிட்டு சட்டுன்னு நின்னுடுச்சு. "பாருங்க, பட்டைக்கு இன்னும் இறங்க இடம் இருக்கு. ஷாக் முழுசா நீண்டு பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்குது. அச்சோட மொத்த கனமும் இப்ப ஷாக்கோட காதுல தொங்குது." பக்கத்துல பிரேக் ஹோஸைத் தொட்டுக் காமிச்சார். முறுக்கின தந்தி மாதிரி விறைப்பா இருந்தது. கலுங்குல ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கி அது அத்துக்கிட்டா என்ன ஆகும்னு அவர் சொல்ல வேண்டிய அவசியமில்ல.

லிஃப்ட் பண்ணின வண்டிக்குக் குறைஞ்ச செலவுல என்ன போடலாம்னு கேக்குறவங்களுக்கு என் முதல் பதில் இதனாலதான்: எதையும் போடுறதுக்கு முன்னாடி, ஏத்தின உசரத்துக்கு மத்த பாகமெல்லாம் எட்டுதான்னு பாருங்க. ஷாக், பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டியரிங் ராடு. இந்த நாலும் பழைய உசரத்துக்கு அளவெடுத்துச் செஞ்சது. உசத்தினவர் இதுல எதையும் மாத்தியிருக்க மாட்டார். காசு பத்தலைன்னா முதல்ல விட்டுப்போறது இதுதான், ஏன்னா வெளிய தெரியாது.

இப்ப உசரக் கணக்கைப் பாப்போம். சஸ்பென்ஷனை நாலு அங்குலம் உசத்தினா சேஸிஸ் நாலு அங்குலம் உசரும். ஆனா தரையில முதல்ல இடிக்கிறது சேஸிஸ் இல்ல, அச்சு நடுவுல உருண்டையாத் தொங்குற டிஃப்ரன்ஷியல். அது சக்கரத்தோட மையத்துல இருக்கு. பட்டையை எவ்வளவு வளைச்சாலும் அது ஒரு நூல்கூட உசராது. அதை உசத்துறது டயர் மட்டும்தான், அதுவும் பாதி அளவுக்கு. 29 அங்குல டயரை 31 ஆக்கினா அடியில கிடைக்கிறது ஒரு அங்குலம். நாலு அங்குல லிஃப்டோட உண்மையான பலன், பெரிய டயர் மேல இடிக்காம இருக்க இடம் விடுறதும், கல்லு மேல ஏறும்போது வயித்துப் பக்கம் தட்டாம இருக்குறதும்தான். டிராக்டர் தடத்துல நடு மேட்டுல டிஃப்ரன்ஷியல் மாட்டிக்கிட்டா லிஃப்ட் வந்து காப்பாத்தாது. ஒரு சக்கரத்தை மேட்டுலயும் ஒண்ணை ஓரத்துலயும் விட்டு ஓட்டத் தெரியணும். எங்க ஊர் டிராக்டர் பசங்க அதைத்தான் பண்றாங்க.

அந்த உசரத்துக்கு நாம கொடுக்குற விலை கண்மாய்க் கரையில தெரியும். கரை எப்பவும் ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கும். உதாரணத்துக்கு, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 50 அங்குலம், வண்டியோட எடை மையம் தரையில இருந்து 26 அங்குலம்னு வச்சுக்குங்க. காகிதக் கணக்குல 44 டிகிரி சாயும்போது கவிழும். லிஃப்டும் டயரும் சேந்து அந்த மையத்தை 30 அங்குலத்துக்கு ஏத்திட்டா 40 டிகிரிதான். நாலு டிகிரிதானேன்னு தோணும். ஆனா இது ஆடாம நிக்கிற கட்டை வண்டிக்கான கணக்கு. நிசத்துல பட்டையும் டயரும் தாழ்ந்த பக்கமா அமுங்கும், மேல மூட்டை இருக்கும், பள்ளத்துல ஒரு சக்கரம் சட்டுன்னு இறங்கும். கவுந்தா ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் தண்ணி.

அடுத்தது பட்டை சேக்குற விஷயம். "இன்னொரு பட்டை"ன்னு சொல்றது காதுக்குச் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா பட்டையோட விறைப்பு அதோட கனத்தோட மும்மடிக்கு ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டை இருக்குற இடத்துல 9 மில்லிமீட்டர் பட்டை ஒண்ணு வச்சா, அந்த ஒத்தைப் பட்டை மூணு மடங்குக்கு மேல விறைப்பா இருக்கும். காலி வண்டியில அது வளையவே வளையாது. வளையாத பட்டை சக்கரத்தைப் பள்ளத்துக்குள்ள இறக்காது. இறங்காத சக்கரம் காத்துல சுத்தும். அகலமான டயர் போட்டும், நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தும், வண்டி அப்படியே நின்னு ஒரு சக்கரம் மட்டும் சேறு தெளிக்கிறதைப் பாத்திருப்பீங்க. சஸ்பென்ஷனோட வேலையே சக்கரத்தைத் தரையில வைக்கிறதுதான். தூக்கி நிறுத்துறது அதுக்கு அடுத்தது.

எங்க ஊர்ல மாட்டு வண்டி ஓட்டின ஒரு பெரியவர் இருக்கார். அவர்கிட்ட இதைச் சொன்னப்ப சிரிச்சுட்டார். "பார வண்டிக்கு வில்லு கிடையாதுப்பா. ஆச்சிமார் கோயிலுக்குப் போற வண்டிக்குத்தான் வில்லு. வில்லு வண்டியில மூட்டை ஏத்தினா வில்லு போகும், பார வண்டியில ஆள ஏத்தினா இடுப்பு போகும்." செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்ல வில்லு வண்டி எப்படி ஒரு அந்தஸ்தா இருந்ததுன்னு பழைய ஆட்கள் இன்னும் பேசுவாங்க. அந்த வில்லுக்கு வழி பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல, லண்டன்ல ஒபடையா எலியட்னு ஒரு வண்டி செய்யுறவர் நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை வாங்கினப்பதான். ஜீப்போட பட்டையும் அதே வம்சம்தான். என்ன ஏத்தப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வில்லைத் தேர்ந்தெடுக்கணும். நம்ம ஜீப்புல அதிகமாப் போனா ஆறு மூட்டை, இல்லைன்னா அப்பத்தா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வில்லு வேணும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஜீப்போட ஆர்.சி. புதுப்பிக்க இன்னும் ஒரு வருஷம்தான். பதினஞ்சு வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிப் புதுப்பிக்கணும். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்குற உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, விதிக்கு மாறான மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும்னு இருக்கு. விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பாக்குறதும் இதைத்தான். லிஃப்ட் கிட் விக்கிறவங்க யாரும் இதைச் சொல்றதில்ல.

இதெல்லாம் யோசிச்சு, லிஃப்டை எறக்கிடுறதுன்னு முடிவு பண்ணினேன். மச்சானுக்கு வருத்தம்தான். "யாராவது காசு கொடுத்து வண்டியக் குட்டையாக்குவாங்களா?"ன்னார். செலவு இப்படிப் போச்சு:

நாலு பட்டைக் கட்டையும் கழட்டி, கூடுதல் பட்டையை எடுத்துட்டு, துருவைத் தேச்சு, வளைவு சரி பண்ணி, ரெண்டு மெயின் பட்டை புதுசாப் போட்டு, பட்டைக்கு நடுவுல கிராஃபைட் கிரீஸ் வச்சுக் கட்டினதுக்கு 9,500. பழைய அளவுல ஷாக்கிள், பின், ரப்பர் புஷ் எல்லாம் 4,800. யூ போல்ட், சென்டர் போல்ட் 2,200. யூ போல்ட்டைக் கழட்டினா திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை இழுத்து முறுக்கினது இழுபட்டதுதான். அளவெடுத்து வாங்கின ஷாக் நாலு 8,400. பிரேக் ஹோஸ் 1,600. ஸ்டியரிங்ல ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட் 3,000. கூலி 6,000. ஆகமொத்தம் 35,500.

டயர்ல வரவும் செலவும் கிட்டத்தட்ட சமம். 31 அங்குல டயரையும் அலாய் வீலையும் கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தர் 24,000-க்கு எடுத்துக்கிட்டார். கம்பெனி இரும்பு வீல் நாலும் முன்னாடி வச்சிருந்தவர் சாக்குல கட்டி வச்சிருந்து கொடுத்திருந்தார். அதுக்கு 6.00-16 டயரும் டியூபும் 22,000. மிச்சம் 2,000. டிஃப்ரன்ஷியலுக்கு அடியில ஒரு அங்குலம் போச்சு, அது தெரிஞ்சுதான் விட்டேன். எங்க மண்ணுக்கு மேல சேறு, ஒரு சாண் கீழ சரளை. ஒல்லி டயர் சேத்தை அறுத்துக்கிட்டுப் போய் சரளையைப் பிடிச்சுக்கும், அகல டயர் சேத்து மேலயே மிதக்கும். கருவேல முள்ளு குத்தினா புதுவயல்ல எந்தக் கடையிலயும் டியூபுக்கு ஒட்டுப் போட்டுத் தருவாங்க.

ஆக நாப்பதாயிரத்துல 6,500 கையில நின்னது. அதுல பேட்டரியில ஓடுற காத்துப் பம்பு ஒண்ணு வாங்கினேன். இதை நான் சஸ்பென்ஷன் செலவுலதான் சேப்பேன். ரோட்டுல 28 இருக்குற காத்தை மண் பாதையில 20-க்கு எறக்கினா, எந்த ஷாக்கும் கொடுக்காத மெத்துமெத்துப்பு கிடைக்கும், பிடியும் கூடும். டியூப் டயர்ங்கிறதால அதுக்குக் கீழ நான் போறதில்ல, டயர் ரிம்முல நழுவினா டியூபோட வால்வு பிச்சுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஏத்திடணும். மீதிக் காசுல பட்டறையில சொல்லி, பக்கத்துல ஒரு இரும்புப் படி போட்டாச்சு. அப்பத்தா ஏறுறதுக்கு.

இப்ப வண்டி காலியா நிக்கும்போது கம்பெனி உசரத்தை விட ஒரு அங்குலம் தூக்கலா நிக்கும். ஆறு மூட்டை ஏறினா சமமாயிடும். பாய் வளைவை அந்தப் பாரத்துக்குத்தான் கணக்குப் பண்ணி வச்சார். ஆடியில ஒரு நல்ல மழை பெஞ்சப்ப கலுங்கு வரைக்கும் நாலு மூட்டையோட போய்ட்டு வந்தேன். முன்னாடி ஸ்டியரிங்கை வளைச்சா தானாத் திரும்பாது, ரோட்டுல அலையும். நீள ஷாக்கிள் முன் அச்சைச் சாய்ச்சு வச்சிருந்ததுதான் காரணம். இப்ப கையை விட்டா நேரா வருது. பள்ளத்துல சக்கரம் இறங்குது, இறங்கினது தரையில நிக்குது.

எல்லாரும் லிஃப்டை எறக்குங்கன்னு நான் சொல்ல வரல. மலைக்குப் போறவங்களுக்குக் கல்லு மேல ஏற உசரம் வேணும்தான். அவங்களுக்கும் வரிசை இதுதான்: முதல்ல புஷ், அப்புறம் உசரத்துக்கு ஏத்த நீளத்துல ஷாக்கும் பிரேக் ஹோஸும், அப்புறம் ஸ்டியரிங் கோணம், டயர், கடைசியிலதான் உசரம். ஷாக்கிளை ரெண்டு அங்குலம் நீட்டினா வண்டி ஒரு அங்குலம்தான் ஏறும், ஆனா கோணம் மாறிடும், அதுக்கு அச்சுல ஆப்புத் தகடு வச்சுச் சரி பண்ணணும். 2020-க்கு அப்புறம் வந்த தார் வச்சிருக்கவங்களுக்குப் பட்டையே கிடையாது. பின்னாடி காயில், முன்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனி. அதுல ஸ்பேசர் வச்சு உசத்துறது பாக்க மலிவா இருக்கும். ஆனா முன் சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட் எந்நேரமும் சாஞ்ச கோணத்துலயே சுத்தும், அதோட ஜாயின்ட்டு தேயுற செலவு பின்னாடி வரும்.

எடுத்துப் போட்ட கனமான பட்டைகளை என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. பட்டை இரும்பு நல்ல எஃகு, வீணாக்கக் கூடாது. நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் போன ஊர். எங்க ஊர்க் கொல்லுப் பட்டறையில கொடுத்து ரெண்டு வெட்டருவாள் அடிச்சு வாங்கியாச்சு. பாதையோரக் கருவேலத்தை வெட்ட அதுதான் இப்ப கையில இருக்கு. யூ போல்ட் ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை முறுக்கணும்னு பாய் சொல்லியிருக்கார். இப்ப நானூத்திப் பத்து ஓடியிருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி அதை முடிச்சிடணும்.